உறவுத்தடம்

"நல்லா சேக்காதீங்க டாக்டர். கோணலா இருந்தாலும் பரவால்ல" என்றாள் அந்தப் பெண்.

இருபத்தெட்டு வருடமாகக் கணுக்கால் மட்டுமே பார்க்கிறேன். வலிக்கக் கூடாது, தழும்பு தெரியக் கூடாது, அடுத்த மாதம் தங்கை கல்யாணத்தில் ஹீல்ஸ் போட்டு நிற்க வேண்டும் என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். கோணலாக வையுங்கள் என்று யாரும் கேட்டதில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திருச்சிக்குத் தெற்கே ஐந்து மாவட்டத்தில் கணுக்கால் ஒடிந்தால் பிலோமினா டாக்டரிடம் போ என்றுதான் சொல்வார்கள். இதைத் தற்பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். எனக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது.

"வயசு என்ன?"

"இருபத்தாறு."

"எங்க விழுந்த?"

"விழல. குதிச்சேன். மாடில இருந்து பின்பக்கமா."

பெயர் யோகப்ரியா. ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். பக்கத்தில் நின்ற ஒல்லிப் பையன் திலீபன், அவள் புருஷன். ஸ்ட்ரெச்சர் வர நேரமானதால் அவளைத் தூக்கிக்கொண்டே ஆஸ்பத்திரி வாசலில் கால் மணி நேரம் நின்றானாம். கீழே இறக்கச் சொல்லி வாட்ச்மேன் சத்தம் போட்டும் இறக்கவில்லையாம். சிஸ்டர் சொன்னபோது, பெண்டாட்டி மேல் இவ்வளவு பிரியமா என்று சிரித்தேன். அது பயம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எக்ஸ்ரேயைப் பார்த்தேன். வலது கணுக்காலில் உள்பக்க எலும்பும் வெளிப்பக்க எலும்பும் ஒடிந்து, பாதம் ஒருபக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றது. பார்க்கத்தான் பயங்கரம். பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்துச் சேர்த்தால் மூன்று மாதத்தில் பழையபடி நடப்பாள். அதைத்தான் சொன்னேன்.

"பழையபடி நடக்கக் கூடாதுன்னுதான் கேக்கேன்" என்றாள். "நீங்க செயற்கை மூட்டு வப்பீங்கன்னு சொன்னாங்க. இந்தப் பக்கத்துல நீங்க மட்டுந்தான் வப்பீங்களாமே. அதுக்காகத்தான் புதுக்கோட்டைல இருந்து இங்க வந்தோம். அத வச்சா நடை மாறிரும்ல?"

என் அறையில் இருந்த முபாரக் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் பிசியோதெரபிஸ்ட். அறுவை முடிந்தவர்களை நடக்க வைப்பது அவர் வேலை.

"உறவுத்தடமா?" என்று மெல்லக் கேட்டார்.

அவள் தலையாட்டினாள். திலீபன் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அது தொலைஞ்சுபோன பிள்ளைங்களுக்குத்தானே?" என்றேன்.

"ஆமா மேடம். பஸ் ஸ்டாண்டு, ரேஷன் கடை, ஆஸ்பத்திரி வாசல்னு எல்லா இடத்துலயும் தரையில தட்டு பதிச்சிருக்கு. மிதிக்கிறவங்க பேரு அதுக்குத் தெரியாது. நடை மட்டும்தான் தெரியும். பிள்ளையைத் தொலைச்ச அப்பாவோ அம்மாவோ சேவை மையத்துல போய்த் தட்டுல ஏறி நடந்து காட்டணும். நடை ரத்தத்துல வர்றது இல்லையா? இந்த நடைக்குப் பொறந்த நடை கடைசியா எந்தத் தட்டை மிதிச்சுதுன்னு மெஷின் சொல்லிடும். ஆனா வயசு வரம்பு வைக்கல" என்றார் முபாரக்.

வைக்கவில்லைதான். எனக்கே தெரியும். எட்டு வருடத்துக்கு முன் ஒரு தேர்த் திருவிழாவில் ஒரே நாளில் பதினோரு பிள்ளைகள் காணாமல் போனபோது இதைக் கொண்டுவந்தார்கள். பேர் வேண்டாம், விலாசம் வேண்டாம், பெற்றவர் நடந்தால் போதும் என்று எல்லோரும் மெச்சினோம். எல்லோரும் என்றால், அதை வகுத்த குழுவில் கால் நிபுணர் என்று நானும் இருந்தேன். பதினேழு பேர் உட்கார்ந்து நாள் கணக்கில் பேசினோம். பிள்ளை என்றால் எத்தனை வயது வரை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் வீட்டில் முப்பது வயது மகனுக்குச் சோறு போட்டுக்கொண்டு, இருபத்தெட்டு வயது மகளை எங்கே போகிறாய் என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள். பெற்ற பிள்ளை என்றைக்கும் பிள்ளைதானே என்பது எங்கள் ரத்தத்திலேயே ஊறியிருந்தது. அதனால் அது ஓட்டை என்று எங்கள் கண்ணில் படவே இல்லை.

"உன்னை யார் தேடுறது?"

"எங்கண்ணன் கௌதம். எங்க சித்தப்பா. இவரு வேற ஆளுங்க. அதான்."

"வேற ஆளுங்க" என்பதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

"அண்ணனே தட்டுல நடந்து பாத்தான். அவன் எங்கம்மா நடை, மெஷின் சேத்துக்கல. அம்மா எறந்துட்டாங்க. நான் அப்படியே எங்கப்பா. அதனால அவரக் கூட்டிட்டுப் போயி நடக்க விடுறானுக. கரூர்ல ஒருவாட்டி, புதுக்கோட்டைல ஒருவாட்டி. நான் எங்கயாவது தட்ட மிதிச்சா மறுநாள் கார் வந்து நிக்கும். மிதிக்காம எங்க டாக்டர் போறது? ஒரு பஸ் ஏற முடியல."

"போலீஸ்?"

"போனோம்" என்றான் திலீபன். "ரெண்டு தரப்பையும் வச்சுப் பேசுவோம்னாங்க. அந்தத் தரப்புல இருபது பேர் வந்தாங்க. நாங்க பின்வாசல் வழியா ஓடி வந்துட்டோம்."

"உங்கப்பா ஏன் நடக்கிறார்? மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

யோகப்ரியா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அவருக்கு மகளா முக்கியம்? ஊர்தான் முக்கியம். நல்லா நடந்து குடுக்காரு."

நான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். செயற்கை மூட்டு அறுபது தாண்டியவர்களுக்கு, மூட்டு தேய்ந்து நாசமாகிப் போனவர்களுக்கு. அது பதினைந்து வருடம் உழைக்கும். இருபத்தாறு வயதில் வைத்தால் நாற்பத்தொன்றில் ஒருமுறை, அப்புறம் ஐம்பத்தாறில் ஒருமுறை என்று தோண்டித் தோண்டி மாற்ற வேண்டும். மூன்றாவது முறை வைக்க எலும்பே மிஞ்சாது. நல்ல மூட்டை வெட்டி எறிய எனக்குச் சட்டத்திலும் இடமில்லை, மனதிலும் இடமில்லை.

"நாப்பத்தொண்ணு வரைக்கும் இருந்தாப் பாத்துக்கிறேன்" என்றாள்.

ஆனாலும் நான் வைத்தது பிளேட்தான்.

வீக்கம் வடிய எட்டு நாள் ஆனது. அந்த நாட்களில் என் வழக்கப்படி அவளிடம் ஒரு வீடியோ கேட்டேன். கால் ஒடிவதற்கு முன் அவர்கள் நடந்த வீடியோ எல்லா நோயாளியிடமும் வாங்குவேன். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று ஏதாவது ஒன்றில் நடந்திருப்பார்கள். இவளிடம் இருந்தது நாற்பது நொடி. ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலிலிருந்து மாலையோடு இறங்கி நடந்து வருகிறாள், திலீபன் எடுத்தது. அதை முப்பது தடவை பார்த்தேன். இரண்டு பாதமும் லேசாக வெளியே திரும்பி விழும். குதிகால் ஊன்றியபின் விரல் ஊன்றும் முன்னால் ஒரு சின்னத் தயக்கம். கூடவே இடது தோள் ஓர் அங்குலம் இறங்கும். அந்த நடையைத் திருப்பிக் கொடுப்பதுதான் அறுவை. எலும்பைச் சேர்ப்பது மட்டும் என்றால் அதற்கு நான் எதற்கு?

அறுவை நன்றாக அமைந்தது. அமையாமல் போயிருக்கலாமே என்று ஒரு நொடி நினைத்தேன். என் வாழ்நாளில் அப்படி நினைத்தது அதுதான் முதல் தடவை.

ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாது. அதுவரை யாராலும் அவளைக் கண்டுபிடிக்க முடியாது. முதல் மாடிக் கோடியில், மருந்து வைக்கும் அறையை ஒழித்து அவர்கள் இருவரையும் தங்க வைத்தேன். பதிவேட்டில் வேறு பெயர். வயது வரம்பு வையுங்கள் என்று துறைக்கு மூன்று கடிதம் எழுதினேன். தங்கள் ஆலோசனை பரிசீலனையில் உள்ளது என்று மூன்று பதில் வந்தது.

ஆறாவது வாரம் புதன்கிழமை காலை அவள் எக்ஸ்ரேயைப் பார்த்தேன். எலும்பு அழகாகக் கூடியிருந்தது. நாளை அவளை நிற்க வைத்தாக வேண்டும். இனியும் தள்ளிப்போட்டால் கணுக்கால் இறுகிவிடும். நின்றால் நடப்பாள். நடந்தால், எங்கள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே நான்கு தட்டு பதித்திருக்கிறது. பெயர்த்தெடுத்தால் எடுத்த இடத்துக்கு ஆள் வரும். அந்த யோசனையோடுதான் அன்றைக்குப் புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் முகம் பார்ப்பதில்லை. பெஞ்சிலிருந்து என் மேசை வரை பதினைந்து எட்டு. அதற்குள் காலைப் பார்த்துப் பாதி வியாதியைச் சொல்லிவிடுவேன். பதினோரு மணி வாக்கில் ஒரு பெரியவர் எழுந்து வந்தார். வலது காலில் துணி சுற்றி, வீங்கி, கெந்திக் கெந்தி வந்தார். ஆனால் ஊன்றிய இடது பாதம் லேசாக வெளியே திரும்பி விழுந்தது. விரல் ஊன்றும் முன்னால் ஒரு சின்னத் தயக்கம். இடது தோள் ஓர் அங்குலம் இறங்கியது.

சீட்டைப் பார்த்தேன். சீனிச்சாமி, வயது அறுபத்தொன்று. அவர் பின்னாலேயே முப்பது வயதில் ஒருவன், கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்தான்.

"கால்ல கல்லு விழுந்துருச்சு மேடம்" என்றான். "வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம ஒரு எடத்துக்கு அப்பா நடந்து வரணும். சீக்கிரம் சரி பண்ணிவிடுங்க. நீங்கதான் பெஸ்ட்டுன்னாங்க."

"என்ன அப்படி அவசரம், கௌதம்?" என்று நாக்கு நுனி வரை வந்த பெயரை விழுங்கிவிட்டு, "என்ன அவசரம் தம்பி?" என்றேன்.

"குடும்ப விஷயம்."

மேசைக்கு அடியில் முபாரக்குக்குச் செய்தி அனுப்பினேன். யோகாவின் அண்ணன் இங்கே என் முன்னால் நிற்கிறான், கோடி அறையைப் பூட்டுங்கள் என்று. பூட்டிவிட்டேன், ஆனால் திலீபன் டீ வாங்க கேன்டீன் போயிருக்கிறார் என்று பதில் வந்தது.

கேன்டீனிலிருந்து மாடிப்படிக்கு என் அறை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு திலீபன் வந்துகொண்டிருந்தான். கௌதம் வாசல் பக்கம் சாய்ந்து நின்று வராந்தாவை வேடிக்கை பார்த்தான்.

"தம்பி, இங்க வா. அங்க என்ன பார்வை? உங்கப்பா காலைப் பிடி. ஆடாமப் பிடி. குனிஞ்சு ரெண்டு கையாலயும்!" என்று அதட்டினேன். என் அதட்டலுக்கு வார்டே நடுங்கும். அவனும் குனிந்தான். பெரியவரின் வீக்கத்தை வேண்டுமென்றே அழுத்தினேன். அவர் முனகினார், அவன் இன்னும் குனிந்து பிடித்தான். அவன் முதுகுக்குப் பின்னால் திலீபன் ஃபிளாஸ்க்கோடு தாண்டிப் போனான். எனக்கு ரவிக்கை நனைந்துவிட்டது.

"சர்க்கரை இருக்கா பெரியவரே?" என்றேன்.

"இருக்குங்க. மாத்திரச் சீட்டு கார்ல கெடக்கு" என்றார் அவர். "கௌதமு, எடுத்தாப்பா."

அவன் போனான். காலடிச் சத்தம் மறையும் வரை பெரியவர் வாசலையே பார்த்தார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார்.

"டாக்டரம்மா, கல்லு தானா விழல. நாந்தான் போட்டேன். ஒடியல. கைக்கு இப்பப் பலம் பத்தல. இந்தக் கரண்டைக்கால வெட்டிட்டு வேற மூட்டு வச்சுவிடுங்க. நீங்க வப்பீகன்னு விசாரிச்சுட்டுத்தான் இவன இங்க இழுத்தாந்தேன்."

"எதுக்கு?"

"என் நடை மாறணும். ஏன்னு கேக்காதீக."

"கேட்காம நான் கத்தியைத் தொட மாட்டேன். அவன் வர அஞ்சு நிமிஷம் ஆகும், சொல்லுங்க."

சொன்னார். முதல் தடவை தானாகவேதான் நடந்தாராம். "பொய் சொல்லல. கூட்டியாந்துருவோம், ரெண்டு நா அழுவா, அப்புறம் வீட்டோட இருப்பான்னு நெனச்சேன். கரூருக்கு என்னையும் கூட்டிட்டுப் போனானுக. தண்ணி பாட்டில் எடுக்கலாம்னு டிக்கியத் தொறந்தேன். சாக்குக்குள்ள ரெண்டு அருவா கெடந்துச்சு. நல்லவேள, அதுக்குள்ள அவ போயிட்டா."

"அதுக்கப்புறமும் நடந்தீங்களே?"

"மாட்டேன்னு சொன்னேன். என்னையக் கைத்தாங்கலாத் தூக்கித் தட்டுல விட்டானுக. விட்டா காலு நடக்குதே, என்ன செய்ய? நொண்டி மாதிரி நடிச்சுப் பாத்தேன். நடிக்காம நடங்கன்னு மெஷினு பேசுது. இப்ப ஆறு வாரமா அவ அடி எங்கயுமே விழல. மாடில இருந்து குதிச்சா, கால் மடங்குச்சுன்னு இவன் சொல்லுதான். உசுரோட இருக்காளான்னே தெரியல டாக்டரம்மா. இருந்தா என்னைக்காவது காலத் தரையில வச்சுத்தான ஆகணும்? அன்னைக்கு இந்தக் காலு எங்கிட்ட இருக்கக் கூடாது."

மேலே இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லவில்லை. தெரிந்துகொண்ட மனுஷன் முகத்தில் அது தெரிந்துவிடும். அவர் மகனோடு ஒரே வீட்டில் இருப்பவர்.

"ரத்தினம் மாதிரி மூட்டு உங்களுக்கு. செயற்கை மூட்டு வச்சா பதினஞ்சு வருஷம்தான் உழைக்கும்."

"பதினஞ்சு வருஷம் எனக்கு எதேஷ்டம்."

அவள் கேட்டதையேதான் இவரும் கேட்கிறார். அவளுக்குச் சொன்ன நியாயம் இவருக்கும் பொருந்தும். நல்ல மூட்டை வெட்டக் கூடாது என்ற விதியில் வயது வரம்பு கிடையாது.

"இன்னொண்ணு டாக்டரம்மா. கரண்டைக்கால் ஒடிஞ்சவ, எப்பவாவது உங்ககிட்ட வந்தாலும் வருவா. எங்கப்பன் இப்படிச் செஞ்சான்னு சொல்லிராதீக. சொன்னா என்னையப் பாக்க வந்துருவா. அவ கோவத்தோடயே இருக்கட்டும், அதான் அவளுக்குக் காவல்."

கௌதம் சீட்டோடு வந்தான். எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு முழுசாக இருந்தது, மூட்டு பளிங்கு மாதிரி இருந்தது. அந்தப் படத்தை அவன் முன்னால் விளக்கில் மாட்டி, "மூட்டு தேஞ்சே போச்சு. கல்லு பட்டு இன்னும் மோசம். மாத்தித்தான் ஆகணும்" என்றேன். பொய்யை இவ்வளவு சரளமாகச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

அவன் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "மாத்தினா நடை மாறும்னு சொல்றாங்களே மேடம்?"

பெரியவர் தரையைப் பார்த்தார்.

"மத்தவங்க வச்சா மாறும்" என்றேன். "நான் வச்சா மாறாது. அஞ்சு மாவட்டத்துல யாரை வேணும்னாலும் கேளு. என்கிட்ட வந்தவங்க பழையபடி நடப்பாங்க. நம்பிக்கை இல்லன்னா மதுரைக்குக் கூட்டிட்டுப் போ, கால் விளங்காமப் போனா என்னைக் கேக்காத."

இருபத்தெட்டு வருடம் சேர்த்த பெயரை அந்த ஒரு வாக்கியத்தில் வைத்துச் சூதாடினேன். அவன் கொஞ்ச நேரம் சாவியைச் சுழற்றினான். "சரி, பண்ணுங்க" என்றான்.

முபாரக்கிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "ஒரு கணுக்கால் மாறினாப் போதுமா? மகளோட நடைக்கு ஒட்டாதா?"

"செயற்கை மூட்டுக்குள்ள இருக்கிற ஸ்பிரிங்கை எப்படி முறுக்கி வைக்கிறோமோ அப்படித்தான் பாதம் விழும் மேடம். இறுக்கி வச்சா அந்தத் தயக்கமே இருக்காது. ஒரு கால் மாறினா இடுப்பு மாறும், தோள் மாறும், அடுத்த காலும் அதுக்கேத்த மாதிரி பழகிக்கும். ஒட்டாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "தெரிஞ்சா உங்க லைசென்ஸ் போயிடும்" என்றார்.

"தெரியும்."

யோகாவை நிற்க வைப்பதை ஆறு நாள் தள்ளிப்போட்டேன். வெள்ளிக்கிழமை காலை, சேவை மையத்துக்குப் போக வேண்டிய நேரத்தில், சீனிச்சாமி என் அறுவை மேசையில் படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே மரத்துப் போக ஊசி போட்டிருந்தோம். நினைவு இருந்தது. மூட்டைத் திறந்தேன். குருத்தெலும்பு இளந்தேங்காய் வழுக்கை போல வெள்ளையாக, ஈரமாக மின்னியது. அறுபத்தொரு வயதில் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். நான் படித்தது இதைக் காப்பாற்ற.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "நின்னுட்டீகளே டாக்டரம்மா. செய்யுங்க."

செய்தேன். அழுதுகொண்டே செய்தேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சிஸ்டர் இரண்டு முறை என் கண்ணைத் துடைத்துவிட்டாள். ஸ்பிரிங்கை முபாரக் சொன்னதைவிட ஒரு சுற்று கூடுதலாக இறுக்கினேன்.

செவ்வாய்க்கிழமை யோகாவிடம், "நாளைக்கு நடக்கலாம். இனிமே தட்டுக்குப் பயப்பட வேண்டாம்" என்றேன்.

"எப்படி?"

"துறையில வயசு வரம்பு வச்சுட்டாங்க. கடிதம் வந்துச்சு."

அவள் திலீபனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எங்கப்பா இனிமே எத்தன வாட்டி நடந்தாலும் நான் கெடைக்க மாட்டேன்ல? நடக்கட்டும். கால் தேயத் தேய நடக்கட்டும்" என்றாள். அவள் கன்னத்தில் ஓர் அறை விடத் தோன்றியது. கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் வெளியே வந்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் முதல் மாடியில் ஒரே ஒரு தாழ்வாரம்தான். ஒரு கோடியில் அவள் அறை, மறு கோடியில் முபாரக்கின் பயிற்சி அறை. நடுவில் ஆண்கள் வார்டு. கௌதம் தினமும் ஒரு மணிக்குச் சாப்பிடப் போனால் இரண்டரைக்குத்தான் வருவான். மறுநாள் ஒன்றேகாலுக்கு அவளைக் கிளப்பச் சொல்லியிருந்தேன். ஒன்று இருபதுக்கு ஆண்கள் வார்டுக்குள் நான் நுழைந்தபோது அவன் தன் அப்பா கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஹோட்டலில் கூட்டமாம், பார்சல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டானாம்.

திரும்பி ஓடலாம் என்று நினைப்பதற்குள் தாழ்வாரத்தில் சத்தம் கேட்டது. டொக்கென்று வாக்கர். பிறகு காலடி. குதிகால், ஒரு சின்னத் தயக்கம், விரல். மறுபடி வாக்கர். மறுபடி குதிகால். வார்டுக் கதவு அகலத் திறந்து கிடந்தது. ஓடிப்போய்ச் சாத்தினால் அவன் நிமிர்ந்து பார்ப்பான். நான் வாசலை மறைத்து நின்றேன். என்னால் எவ்வளவு மறைக்க முடியும்?

சீனிச்சாமி கண்மூடிப் படுத்திருந்தார். கண் திறந்தது. சத்தம் வந்த பக்கம் திரும்பவில்லை. கூரையைப் பார்த்தார். அவர் மார்பு ஏறி இறங்கியதைப் பார்த்தேன்.

கௌதம் போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

"கௌதமு" என்றார் பெரியவர். "முதுகு எரியுதுப்பா. தூக்கி உக்கார வை. வெரசா!"

அவன் போனை வைத்துவிட்டுக் குனிந்து அவர் கக்கத்தில் கை கொடுத்தான். அவர் இரண்டு கையாலும் மகன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். கல்லைத் தூக்கப் பலமில்லை என்று சொன்ன கை. அவன் முகத்தைத் தன் தோளில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அப்படியே இரு, அப்படியே இரு, வலிக்குது" என்று சத்தமாக முனகினார். அவன், "விடுப்பா, மூச்சு முட்டுது" என்றான். விடவில்லை.

எனக்குப் பின்னால் அவள் கடந்து போனாள். வாக்கரின் நுனி என் வெள்ளைக்கோட்டை உரசியது. பெரியவரின் முகம் வாசலைப் பார்த்துத்தான் இருந்தது. ஆனால் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். பார்த்தால் கூப்பிட்டுவிடுவார்.

பயிற்சி அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் கையை எடுத்தார். கௌதம் கழுத்தைத் தடவிக்கொண்டு, "இப்படியா பிடிப்ப?" என்று எரிந்து விழுந்தான். "பெரியவருக்கு வெந்நீர் கொண்டுவா, கீழ கேன்டீன்ல இருக்கும்" என்று அவனை விரட்டினேன்.

அவன் படியிறங்கியதும் கட்டிலருகே போனேன். அவர்தான் முதலில் பேசினார்.

"இப்பப் போன புள்ளைக்கு வலது காலு இன்னும் முழுசா ஊணல டாக்டரம்மா. பயந்து பயந்து வைக்குது. போகப்போகச் சரியாயிருமா?"

"சரியாயிரும்யா."

"பழையபடி நடக்குமா?"

"அப்படியே பழையபடி நடக்கும்" என்றேன்.

போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.